திருச்சி – சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? அம்மா முதல் முறையாகத் தனியாகப் போகிறார்

பாமணிக்கரை (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு சிங்கப்பூரில் அடுத்த மாதம் பிரசவம். தலைப்பிரசவம், முறைப்படி இங்கே வந்திருக்க வேண்டியது, ஆனால் வேலை, டாக்டர் எல்லாம் அங்கேயே என்பதால் அம்மாவை அனுப்பி வைக்கிறோம். அம்மாவுக்கு வயது 67. தஞ்சாவூர், திருச்சி தாண்டிப் போனது பழனிக்கும் திருப்பதிக்கும்தான், விமானம் ஏறியதே இல்லை. நான் கூடப் போகலாம் என்றால் மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை நடவு நடக்கிற நேரம், வயலை விட்டு ஒரு நாள் நகர முடியாது. அதனால் தனியாகத்தான் போகிறார், அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

டிக்கெட் இன்னும் போடவில்லை. திருச்சியிலிருந்து ஒரு விமானம் பார்த்து வைத்திருக்கிறேன். போகும்போது புதன்கிழமை 01:10-க்குக் கிளம்பி 07:50-க்கு சிங்கப்பூர். அப்படிப் பார்த்தால் 6 மணி 40 நிமிடம். திரும்பி வரும்போது அதே கம்பெனி விமானம் இரவு 20:30-க்குக் கிளம்பி 22:10-க்கு திருச்சி, அதாவது 1 மணி 40 நிமிடம்! ஒரே ஊர், ஒரே தூரம், போக 6 மணிக்கு மேல், வர 2 மணிகூட இல்லை, இது எப்படி? டீக்கடையில் கேட்டால் ஒருவர் பூமி சுற்றுவதால் அப்படி என்கிறார், இன்னொருவர் எப்படிப் போனாலும் 4 மணி நேரம்தான் என்கிறார். தூரமும் ஒரு தளத்தில் 2,980 கி.மீ., இன்னொன்றில் 3,000-க்கு மேல்.

மைத்துனர் ஒருவர் சென்னை போய்ப் போனால் பறக்கிற நேரம் குறையும், மன்னை எக்ஸ்பிரஸில் ஏற்றி விட்டால் போதும் என்கிறார். அது சரியா? வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

வெண்ணாறு (கூத்தாநல்லூர்)

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். நான் 14 வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவன், எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது அந்த விமானத்தில் போய் வந்தவர் இருப்பார். இரவு விமானத்தில் தனியாக வருகிற அம்மாக்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் பத்திரமாகத்தான் போய்ச் சேர்கிறார்கள்.

உங்கள் கணக்கில் தப்பு இல்லை, இரண்டு ஊர்க் கடிகாரத்தையும் கலந்து விட்டீர்கள், அவ்வளவுதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படுகிற ஊர் மணி, சேரும் நேரம் சேருகிற ஊர் மணி. சிங்கப்பூர் மணி நம்மைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. அம்மா இறங்கும்போது அங்கே 07:50 என்றால் மன்னார்குடியில் 05:20. நம்ம மணி 01:10-லிருந்து 05:20 வரை எண்ணுங்கள், 4 மணி 10 நிமிடம் வரும். திரும்பும்போது இரவு 20:30 அங்கே, நமக்கு அப்போது மாலை 18:00. அதிலிருந்து 22:10, மறுபடியும் 4 மணி 10 நிமிடம். போக வர ஒரே நேரம்தான்.

தூரம் சுமார் 2,980 கி.மீ. என்பது திருச்சி ஓடுபாதைக்கும் சாங்கி விமான நிலையத்துக்கும் நடுவே உருண்டைப் பூமி மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. உண்மையில் விமானம் அந்தக் கோட்டை அப்படியே பிடித்துப் போகாது, கட்டுப்பாட்டு அறை சொல்கிற வழியில் கொஞ்சம் வளைந்து போகும், இறங்குமுன் ஒரு சுற்று போட்டாலும் போடும். அதனால்தான் சில தளங்களில் 3,000-க்கு மேல் காட்டுகிறது. உங்களுக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

---

குடமுருட்டி (வலங்கைமான்)

உங்கள் மைத்துனர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நாளைக்குப் பல விமானங்கள், நேரத்துக்கு ஏற்ற மாதிரி பகல் விமானமே கிடைக்கும், சில சமயம் டிக்கெட்டும் குறைவு. மன்னை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம். நான் அப்படித்தான் போவேன்.

---

கோரையாறு (திருத்துறைப்பூண்டி)

குடமுருட்டி, நீங்கள் போவீர்கள் சரி, 67 வயது அம்மாவைப் பெட்டியோடு தாம்பரத்தில் மின்சார ரயில் மாற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு தூரக் கணக்கையும் பாருங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,920 கி.மீ., திருச்சியிலிருந்து 2,980. வித்தியாசம் 60 கி.மீ.தான், விமானத்துக்கு அது ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக மன்னார்குடியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் தரையில் போவதா?

ஏன் இவ்வளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது என்றால், சென்னை கொஞ்சம் கிழக்கே தள்ளி இருக்கிறது, ஆனால் வடக்கேயும் தள்ளி இருக்கிறது. சிங்கப்பூர் நமக்குத் தென்கிழக்கே, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். கிழக்கே போனதில் சென்னைக்குக் கிடைக்கிற லாபத்தை வடக்கே போனது பெரும்பாலும் தின்று விடுகிறது.

எனக்கு வரைபடம் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே பிடிக்கும், அதனால் உங்களுக்காக அந்தக் கோட்டை இழுத்துப் பார்த்தேன். அம்மா மன்னார்குடியிலிருந்து மேற்கே 95 கி.மீ. காரில் போய் திருச்சியில் ஏறுகிறார். விமானம் கிளம்பியதும் நேர்க்கோட்டில் போனால் வந்த வழிக்கே திரும்பி நம்ம டெல்டா மேலேயே வருகிறது. உங்கள் ஊருக்குத் தெற்கே பதினைந்து கிலோமீட்டர் போல, எங்கள் திருத்துறைப்பூண்டிக்குக் கொஞ்சம் தெற்கே, அப்புறம் வேதாரண்யம் பக்கம் கரையைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது. யாழ்ப்பாணத்தின் வட முனை வலது கைப் பக்கம் தள்ளி நிற்கும். பிறகு 1,800 கி.மீ. வங்காள விரிகுடா, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெறும் தண்ணீர்தான். சுமத்ரா தீவின் ஆச்சே பக்கம் தரை ஏறி, மேடான் நகரை ஒட்டிப் போய், மலாக்கா நீரிணையைத் தாண்டினால் சிங்கப்பூர். அம்மாவுக்கு இடது பக்க ஜன்னல் கிடைத்தால் ஏறிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் மன்னார்குடி விளக்குகள் அந்தப் பக்கம்தான் இருக்கும். மழை மேகம் இல்லாமல் இருக்க வேண்டும்.

பூமி சுற்றுவதால் என்று டீக்கடையில் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. பூமி சுற்றும்போது அதன் மேல் இருக்கிற காற்றும் சேர்ந்தேதான் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது, ஓடுகிற ரயிலுக்குள் நீங்கள் முன்னே நடந்தாலும் பின்னே நடந்தாலும் ஒரே வேகம்தான் இல்லையா, அதுபோல. நேரத்தை மாற்றுவது காற்று. இந்த அளவு விமானங்கள் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். 2,980-ஐ வகுத்தால் 3 மணி 35 நிமிடம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் 4 மணி 10 நிமிடம்.

காற்றிலும் நம்ம பக்கம் ஒரு விசேஷம் உண்டு. மேற்கிலிருந்து கிழக்கே போனால் சீக்கிரம் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது டெல்லி மாதிரி வடக்கே உள்ள ஊர்களுக்குக் குளிர்காலத்தில் பொருந்தும். நம்ம அட்சரேகையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தரையில் மேற்கே இருந்து காற்று அடித்தாலும் மேலே 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கே இருந்து மேற்காகப் பலமான காற்று ஓடுகிறது. இதை விரிவாக ஆராய்ந்து 1958-ல் எழுதியவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த கோடீஸ்வரம். விமானம் பறப்பது அதற்குக் கொஞ்சம் கீழேதான் என்றாலும் அதன் இழுப்பு அங்கேயும் இருக்கும். அதனால் ஆனி ஆடியில் சிங்கப்பூர் போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று, வருகிற விமானத்துக்குப் பின்காற்று. பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் ஆனால் தங்கை பதற வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

---

குடமுருட்டி

கோரையாறு சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 60 கி.மீ.தான் வித்தியாசம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை, சென்னை ரொம்பக் கிட்டே என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அம்மாவுக்குத் திருச்சியே சரி.

---

பாமணிக்கரை

ரொம்ப நன்றி. வெண்ணாறு அண்ணே, நீங்கள் சொன்ன கணக்கை அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், புரிந்தது என்றார், உடனே கேட்ட கேள்வி, “அப்போ என் பிரஷர் மாத்திரையை எந்த மணிக்குப் போடணும்?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் போடுகிறார்.

இன்னொன்று, புதன்கிழமை டிக்கெட் என்றால் புதன்கிழமை சாயங்காலம் கிளம்பினால் போதும் இல்லையா? அன்று காலை குலதெய்வம் கோயிலுக்குப் போய் வரலாம் என்று அம்மா சொல்கிறார்.

---

அரசலாறு (கும்பகோணம்)

ஐயோ, வேண்டாம், வேண்டாம்! தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள், இதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

புதன்கிழமை 01:10 என்றால் செவ்வாய்க்கிழமை இரவு முடிந்து நள்ளிரவு தாண்டி 1 மணி 10 நிமிடம். நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். புதன்கிழமை சாயங்காலம் நீங்கள் கிளம்பும்போது அந்த விமானம் போய்ச் சேர்ந்து பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இது எங்கள் வீட்டில் நடந்தது. என் சித்தப்பா கோலாலம்பூர் போக ஞாயிற்றுக்கிழமை 00:30 டிக்கெட். நாங்கள் எல்லோரும் ஞாயிறு இரவு என்று மனதில் பதிய வைத்து, ஞாயிறு மத்தியானம் வீட்டில் இலை போட்டு விருந்து வைத்து, இரண்டு கார் நிறைய ஆள் ஏறி, இரவு 9 மணிக்கு விமான நிலைய வாசலில் போய் நின்றோம். வாசலில் டிக்கெட்டைப் பார்த்தவர், “இது நேற்று ராத்திரி விமானம் ஐயா” என்றார். சித்தப்பாவின் முகம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மறுநாளுக்குப் புது டிக்கெட் முழு விலைக்கு எடுத்தோம், பழையதற்கு ஒரு பைசா வரவில்லை. பணம் போனதைவிட, நான்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன், எனக்கு அது ஆறவே இல்லை. திருச்சியிலிருந்து கிழக்கே போகிற விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்பும், அதனால் நம்ம பக்கத்து ஜனங்களுக்கு இந்தத் தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. காலண்டரில் செவ்வாய்க்கிழமையைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே போய் வந்து விடுங்கள்.

இப்போது நேரம். விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னால், இரவு 10 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். செக்-இன் கவுண்டரைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடி விடுவார்கள், சில கம்பெனிகள் அதற்கும் முன்னால். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூர், வல்லம், செங்கிப்பட்டி, துவாக்குடி. தஞ்சாவூர் வரைக்கும் சாலை குறுகல், நாற்று ஏற்றிய வண்டியும் டிராக்டரும் எதிரே வந்து கொண்டே இருக்கும், அதற்கே ஒரு மணி நேரம் ஆகும். தஞ்சைக்கு அப்புறம் நாலு வழிச் சாலை. திருவெறும்பூர் வழியாக ஊருக்குள் போய் டிவிஎஸ் டோல்கேட் சுற்றினால் சாயங்கால நெரிசலில் மாட்டுவீர்கள், துவாக்குடியிலேயே அரைவட்டச் சாலையில் திரும்பி மாத்தூர் போய்ப் புதுக்கோட்டை சாலையில் ஏறினால் விமான நிலையம் சீக்கிரம் வந்துவிடும். மொத்தம் இரண்டரை மணி நேரம் வையுங்கள். இரவு 7 மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் டயர் பஞ்சரானாலும் சமாளிக்கலாம்.

---

நாகைக் கடற்கரை (நாகப்பட்டினம்)

இதைப் படிக்கும்போது என் அப்பா நினைவு வந்துவிட்டது. அவர் 1960களில் சிங்கப்பூர் போனது ரஜூலா கப்பலில். 1926-ல் கட்டிய கப்பல், சென்னையில் கிளம்பி எங்கள் ஊருக்கு வந்து, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைக்குப் போர்ட் கிள்ளான்) வழியாக சிங்கப்பூர் போகும். பெரிய கப்பல் எங்கள் கரைக்கு வர முடியாது, ஆழம் போதாது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைத் தோணியில் ஏற்றிக் கொண்டு போய் ஏணி வழியாக மேலே ஏற்றுவார்கள். அப்பா ஒரு வாரம் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனார். அம்மா இங்கே கரையில் நின்றது அந்தப் புகை மறைகிற வரைக்கும். போய்ச் சேர்ந்தேன் என்று கடிதம் வர இன்னும் பல நாள் ஆகும், அதுவரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது என்பார்கள். ரஜூலாவுக்கு அப்புறம் எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடியது, 1985-ல் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமே நின்று போனது. தம்பி, உங்கள் அம்மா இரவு சாப்பிட்டுக் கிளம்பி மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பெண் வீட்டில் இருப்பார், அதை நினைத்துத் தைரியமாக அனுப்புங்கள்.

மணிக் கணக்கில் ஒரு சேதி. அப்பா இருந்த காலத்தில் நமக்கும் சிங்கப்பூருக்கும் 2 மணி நேரம்தான் வித்தியாசம். மலேசியா தன் நேரத்தை மாற்றிய போது சிங்கப்பூரும் அதை ஒட்டி, 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டது. சூரியனை வைத்துப் பார்த்தால் நமக்கும் அவர்களுக்கும் 1 மணி 40 நிமிடம்தான் வித்தியாசம், கடிகாரம்தான் இரண்டரை என்கிறது. அதனால் அங்கே வருஷம் முழுக்க விடிவதே 7 மணி வாக்கில். அம்மா இங்கே 5 மணிக்கு எழுந்து வாசல் தெளிப்பவராக இருந்தால், அங்கே 6 மணிக்கும் கும்மிருட்டாக இருக்கிறதே என்று திகைப்பார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

---

முல்லைக்கொடி (நீடாமங்கலம்)

பாமணிக்கரை தம்பி, நான் 3 வருஷம் முன்னால் என் மகள் பிரசவத்துக்குத் தனியாகப் போனவள், அதனால் அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மாத்திரைக்கு, உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதுதான் முறை. எனக்கு என் டாக்டர் சொன்னது, இரண்டரை மணி நேரம் பெரிய மாற்றம் இல்லை, உடம்புக்குப் பழகிய மணியிலேயே போடுங்கள் என்று. இங்கே காலை 7 என்றால் அங்கே 9:30, இங்கே இரவு 8 என்றால் அங்கே 10:30. மாத்திரையை எல்லாம் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். தூக்க மாத்திரை மாதிரி சிலவற்றுக்கு அந்த நாட்டில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அப்படி ஏதாவது இருந்தால் தங்கையை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலி கட்டாயம் கேளுங்கள். அம்மா நன்றாக நடக்கிறவராக இருந்தாலும் கேளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டிக்கெட் போடும்போதே, அல்லது இரண்டு நாள் முன்னதாகவாவது சொல்லி வைக்க வேண்டும். திருச்சியில் 2024 ஜூனில் திறந்த புது முனையம் பழையதைவிடப் பெரியது, சாங்கி அதைவிடப் பல மடங்கு பெரியது. நாற்காலி தள்ளுகிற ஆள் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுக்கிற இடம் எல்லாம் தாண்டிக் கொண்டு வந்து தங்கை கணவர் கையில் விடுவார். இங்கிலீஷ் தெரியாதே என்ற பயமும் இதோடு போய்விடும். நான் நாற்காலி கேட்காமல் போய், பெட்டி எங்கே வரும் என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் நின்றேன், அந்தக் கஷ்டம் அம்மாவுக்கு வேண்டாம்.

விசா எடுத்தால் மட்டும் போதாது, வருகை அட்டை ஒன்று இருக்கிறது, இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குப் பணம் கிடையாது, அரசுத் தளத்தில் தங்கையே போட்டுவிடலாம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது வேறு ஆள்.

பிரசவ லேகியம், நெய், ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவமோ குழம்பு மாதிரிப் பொருளோ விடமாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் வைக்காதீர்கள், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம், அம்மா வெற்றிலை போடுகிறவரா? அப்படியானால் புகையிலை ஒரு பொட்டலம்கூடப் பையில் இருக்கக் கூடாது, வாயில் போடும் புகையிலை சிங்கப்பூரில் தடை. இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம், சுருக்குப் பையைத் தட்டிப் பார்த்தே அனுப்புங்கள்.

---

வெண்ணாறு

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் மொத்த நேரத்தை மட்டும் கூட்டித் தருகிறேன், தங்கைக்கு அனுப்பி வையுங்கள். எல்லாம் நம்ம மணியில். செவ்வாய் இரவு 7 மணிக்கு வீடு, 10 மணிக்குள் விமான நிலையம், 01:10-க்குக் கிளம்பி 05:20-க்குத் தரை. குடியேற்றம், பெட்டி முடித்து வெளியே வர ஒரு மணி நேரம், 6:20. தங்கை வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, ஜூரோங் பக்கம் என்றால் சாங்கியிலிருந்து தீவின் மறு கோடி, டாக்ஸியில் முக்கால் மணி நேரம் வையுங்கள். ஆக 7 மணி, அங்கே 9:30. பறப்பது 4 மணி, வீட்டுக்கு வீடு 12 மணி நேரம். இதில் அம்மா தூங்கக் கிடைப்பது மூன்று மணி நேரம்கூட இருக்காது, அதனால் செவ்வாய் மத்தியானம் நன்றாகத் தூங்க வையுங்கள், வழியனுப்ப வருகிற சொந்தக்காரர்களைக் காலையிலேயே வரச் சொல்லுங்கள்.

---

பாமணிக்கரை

எல்லோருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது, நடவு வேலை. அம்மா போன வாரம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமையே கிளம்பினோம் (அரசலாறு அண்ணே, நீங்கள் எழுதவில்லை என்றால் நிச்சயமாக மறுநாள் சாயங்காலம்தான் கிளம்பியிருப்போம்). 7 மணிக்கு இறங்கி, மாத்தூர் வழியில் போய், 9:40-க்கு விமான நிலையம். சக்கர நாற்காலியில் உட்கார முதலில் மறுத்தார், அப்புறம் உட்கார்ந்து கையசைத்து விட்டு உள்ளே போனார். சுருக்குப் பையைத் தட்டியதில் நிஜமாகவே ஒரு புகையிலைப் பொட்டலம் இருந்தது, முல்லைக்கொடி அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கோரையாறு சொன்னதை என் பையனிடம் சொல்லியிருந்தேன். அவனும் என் மனைவியும் தூங்காமல் மொட்டை மாடியில் போனில் விமானத்தின் தடத்தைப் பார்த்துக் கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் திருச்சியிலிருந்து திரும்பி வருகிற வழியில் போன் வந்தது, தெற்குப் பக்கம் ஒரு விளக்கு கிழக்கே போகிறது, ஆச்சி போகிறார்கள் என்று. மணி 1:35. நான் அப்போது செங்கிப்பட்டிகூடத் தாண்டவில்லை. அம்மாவுக்கு இடது பக்க ஜன்னல்தான், ஆனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிக் கொண்டிருந்தாராம், ஒன்றும் பார்க்கவில்லை.

எதிர்க்காற்றோ என்னவோ, 07:50-க்குப் பதில் 08:02-க்கு இறங்கியது. தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். இன்னும் கைக்கடிகாரத்தை மாற்றவில்லை, மாத்திரையும் நம்ம ஊர் மணிக்குத்தான் போடுகிறார், சுவரில் இருக்கிற கடிகாரம் பிரசவ நேரம் பார்க்க மட்டும் என்கிறார். டாக்டர் சொன்ன தேதி இன்னும் 11 நாள் இருக்கிறது.